கடலோர மணலுக்கு ஏற்ற தூர் அரைவை இயந்திரம்: நாமே கட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

சாயல்குடியிலிருந்து தொண்டி வரை நீளும் இராமநாதபுரம் கடலோரத்தில் மரத்தை வெட்டிச் சாய்க்க ஆள் கிடைத்துவிடும். தூரை எடுப்பதுதான் பெரும்பாடு. சீமைக்கருவேலத்தைத் தரையோடு தரையாக அறுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்தால், ஐப்பசி மழை விழுந்த கையோடு அதே தூரிலிருந்து புதர் புதராகத் தளிர்த்து வரும். அதன் மறுதளிர் மொட்டுகள் மண்மட்டத்துக்குக் கீழே வேர்க்கழுத்தில் இருப்பதால், மேலே எத்தனை முறை வெட்டினாலும் அந்த மரம் சாவதில்லை. 2017-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது தென்மாவட்டங்களில் ஏராளமான மரங்கள் வெட்டப்பட்டன. தூரை விட்டுவைத்த இடங்களில் அது மீண்டும் எழுந்துவிட்டது. தென்னையின் கதை வேறு. வெட்டிய தென்னந்தூர் தளிர்ப்பதில்லை, ஆனால் மட்கத் தொடங்கியதும் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, பக்கத்தில் நிற்கும் நல்ல மரங்களின் குருத்தைக் குடைகிறது. உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திறந்த வயலில் ஐம்பது தூர் இருந்தால் ஜேசிபியை அழைப்பதே சரி. கரிமூட்டம் போடுவோர் தூர்க்கட்டையையும் விலைக்கு எடுத்துக்கொள்வதால் செலவில் ஒரு பகுதி திரும்பியும் வரும். வீட்டுச் சுவர், கிணற்று விளிம்பு, சொட்டுநீர்க் குழாய், தோப்பின் நடுவரிசை ஆகிய இடங்களில் ஜேசிபியின் வாளி நுழையாது, நுழைந்தாலும் தூரோடு சுவரையும் பெயர்த்துவிடும். அத்தகைய இடங்களுக்காகத்தான் தூரை இருந்த இடத்திலேயே சீவிச் சீவித் தூளாக்கும் இந்த இயந்திரம். இதைக் கட்டுவதற்கு வெல்டிங் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், நம்பகமான லேத் பட்டறை ஒன்று கைவசம் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இதில் இறங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சுழலும் சக்கரத்தில் அரைகுறை வேலை உயிரை வாங்கும்.

எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நம் கரையில் அதைவிட முக்கியமானவை மணலும் உப்புக் காற்றும். கரிசல் மண்ணில் நன்றாக ஓடும் அதே இயந்திரம் பாம்பன் மணலில் சில நாட்களில் பல் தேய்ந்து, பேரிங் இரைந்து நின்றுவிடும். ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு அளவும் மணலையும் உப்பையும் மனத்தில் வைத்துத் தேர்ந்தவை.

அமைப்பு

கனமான இரும்புத் தட்டு ஒன்றின் விளிம்பில் கார்பைடு (மிகக் கடினமான வெட்டுப்பொருள்) முனை கொண்ட பற்கள் பொருத்தப்படுகின்றன. எஞ்சினின் சுழற்சி முதலில் ஓர் இடைத்தண்டுக்கு வந்து வேகம் குறைந்து, அங்கிருந்து வெட்டுச் சக்கரத்தின் ஷாஃப்டுக்குப் போகிறது. இவை அனைத்தும் ஒரே சட்டத்தில் அமர்ந்திருக்க, சட்டம் நடுவிலுள்ள அச்சில் இரண்டு பக்கச் சக்கரங்கள் மேல் நிற்கிறது. பின்னால் உள்ள கைப்பிடியைத் தூக்கினால் முன்னாலுள்ள வெட்டுச் சக்கரம் தாழும், இறக்கினால் எழும்.

இடைத்தண்டு எதற்கு, எஞ்சினிலிருந்து நேராகவே பெல்ட் போட்டுவிடலாமே என்று தோன்றும். நேராகப் போட்டால் வேகத்தைக் குறைப்பதற்கான பெரிய புல்லி வெட்டுச் சக்கரத்தின் ஷாஃப்டிலேயே உட்கார வேண்டியிருக்கும். பல் நுனி வரை 225 மி.மீ. ஆரமுள்ள சக்கரத்துக்குப் பக்கத்தில் 158 மி.மீ. ஆரமுள்ள புல்லி இருந்தால், சக்கரம் சற்றே மண்ணுக்குள் இறங்கியதும் புல்லி தரையில் இடித்துவிடும். வேகக் குறைப்பை மேலே இடைத்தண்டில் முடித்துவிட்டு, கீழே சிறிய புல்லியை வைத்தால்தான் ஆழம் கிடைக்கும். வீட்டில் கட்டப்படும் பல இயந்திரங்கள் தூரின் தலையை மட்டும் சீவிவிட்டு நின்றுபோவதற்கு இந்த ஒரு கணக்கைப் பார்க்காததே காரணம்.

எஞ்சினும் வேகமும்

390 சிசி, 13 குதிரைத்திறன் வகுப்பைச் சேர்ந்த, கிடைமட்ட ஷாஃப்ட் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் போதுமானது. அதன் உச்ச வேகம் நிமிடத்துக்கு 3,600 சுற்று. வேலையின்போது 3,400 சுற்றில் வைத்துக்கொள்கிறோம். எஞ்சினில் 125 மி.மீ. புல்லி, இடைத்தண்டில் 315 மி.மீ. புல்லி, இரண்டுக்கும் நடுவே மூன்று பி-வகை வி-பெல்ட்டுகள். இடைத்தண்டில் மற்றொரு 140 மி.மீ. புல்லி, வெட்டு ஷாஃப்டிலும் அதே 140 மி.மீ., நடுவே நான்கு பெல்ட்டுகள். இரண்டாம் கட்டத்தில் வேகம் குறைந்து முறுக்கு விசை கூடிவிடுவதால் அங்கே பெல்ட் ஒன்று அதிகம் தேவை. பி-வகை பெல்ட்டை 125 மி.மீ.க்குச் சிறிய புல்லியில் வளைக்கக் கூடாது; சூடேறி வெடித்துவிடும்.

இந்தக் கணக்கில் வெட்டுச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 1,350 சுற்று சுழலும். பல்லின் நுனி நொடிக்கு 32 மீட்டர், அதாவது மணிக்கு 115 கி.மீ. வேகத்தில் போகும். 200 மி.மீ. ஆரத்தில் இருக்கும் 350 கிராம் பல் ஒன்றை அந்தச் சுழற்சி வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 142 கிலோ எடைக்குச் சமம். கல்லிலோ ஆணியிலோ இடிக்கும்போது வரும் அதிர்ச்சி இதற்கு மேல். போல்ட் எந்தத் தரம், காப்பு எத்தனை தடிமன் என்ற கேள்விகள் எழும்போதெல்லாம் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளவும்.

சுழலும் திசையை எஞ்சினை அமர்த்தும் முன்பே முடிவு செய்ய வேண்டும். இத்தகைய எஞ்சின்களை ஷாஃப்ட் முனையைப் பார்த்தபடி நின்று கவனித்தால், பெரும்பாலும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். ஷாஃப்ட் முனை இயக்குபவரின் இடக்கைப் பக்கம் வருமாறு வைத்தால், வெட்டுச் சக்கரத்தின் முன்பகுதி கீழ்நோக்கி இறங்கித் தூரைக் கடிக்கும். சீவல்கள் இயந்திரத்தின் அடியில் பின்னோக்கி வரும். அங்கே காப்பும் ரப்பர் திரையும் அவற்றைத் தடுத்து நிறுத்தும். எஞ்சினைத் திருப்பி வைத்துவிட்டால் சக்கரம் தூரின் மேல் ஏறித் துள்ளும், சீவலும் முன்னால் நிற்பவர் மேல் பாயும்.

வெட்டுச் சக்கரம்

வேலையின் உயிர்நாடி இதுதான். 400 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. தடிமனும் உள்ள மென்னிரும்புத் தட்டு ஒன்றைக் கேஸ் கட்டிங்கில் சற்றுப் பெரிதாக வெட்டி, லேத்தில் விளிம்பையும் இரு முகங்களையும் கடைந்து எடுக்க வேண்டும். முடிந்த தட்டு கிட்டத்தட்ட 20 கிலோ இருக்கும். இந்த எடை வீண் சுமையன்று. பல் ஒவ்வொன்றும் மரத்தில் இறங்கும் கணத்தில் எஞ்சின் திணறாமல் காப்பது தட்டில் சேர்ந்திருக்கும் சுழல் ஆற்றல்தான்.

ஹப்பை (தட்டை ஷாஃப்டோடு இணைக்கும் நடுப்பாகம்) தட்டோடு நேரடியாக வெல்டிங் செய்வது பெருந்தவறு. வெப்பத்தில் தட்டு கோணும். பிறகு அதைக் கழற்றி மாற்றவும் வழியிருக்காது. ஈஎன்8 உருக்கில் விளிம்புள்ள ஹப்பைக் கடைந்து, தட்டின் நடுத்துளையில் ஹப்பின் கழுத்து இறுக்கமாக உட்காரும்படி அளவு வைத்து, 10.9 தரமுள்ள எம்16 போல்ட் ஆறினால் பிணைக்கவும். ஷாஃப்டும் ஈஎன்8-தான், விட்டம் 50 மி.மீ., கீவே (ஹப் வழுக்காமல் பிடிக்கும் சாவி அமரும் பள்ளம்) 14 மி.மீ. அகலம். ஷாஃப்ட் முனையில் தடித்த வாஷரும் பூட்டு நட்டும் போட்டு, ஹப் வெளியே நழுவ வழியே இல்லாமல் செய்ய வேண்டும்.

பற்களை விலை கொடுத்து வாங்குங்கள். லேத்தில் பயன்படும் கார்பைடு டூலை உடைத்து வெல்டிங் செய்து ஒட்டும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. உலோகத்தைச் சீவுவதற்கான அந்தக் கார்பைடு கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மையுடையது. கல்லில் பட்ட முதல் அடியில் சில்லு சில்லாகப் பறக்கும். தூர் அரைவைக்கென்றே விற்கப்படும் வட்ட முனைப் பல் நம் மணலுக்கு மிகவும் ஏற்றது. அதன் முனை ஒரு பக்கம் மழுங்கியதும் நட்டைத் தளர்த்தி மூன்றில் ஒரு சுற்று திருப்பிக்கொண்டால் புதிய விளிம்பு கிடைக்கும்; ஒரே முனையை மூன்று முறை பயன்படுத்தலாம். கடல் மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் துகள்கள் கார்பைடு மணிகளைப் பிணைத்திருக்கும் கோபால்ட்டை அரித்து எடுப்பதால், செம்மண்ணில் நெடுநாள் வரும் பல் இங்கே விரைவில் மழுங்கும். எனவே ஒரு கூடுதல் தொகுதி முனைகளைக் கையிருப்பில் வைத்திருப்பது அவசியம்.

இந்த எஞ்சினுக்கு எட்டுப் பற்கள் போதும். பன்னிரண்டு வைத்தால் நன்றாக வெட்டும் என்ற எண்ணம் தவறு. பற்கள் கூடக் கூட ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் விசை குறைந்து, வெட்டுவதற்குப் பதிலாக உரசும். 45 பாகைக்கு ஒன்றாக, இடம் வலம் மாறி மாறி வளைந்த பற்களைப் பொருத்தவும். இப்படி வைத்தால் நேரெதிரே இருக்கும் இரண்டு பற்களும் ஒரே வகையாக அமைந்து சமநிலை தானாக வரும். பற்கள் தட்டின் இருபுறமும் நீட்டிக்கொண்டு, தட்டைவிட அகலமான பள்ளத்தை வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் தட்டின் முகம் மரத்தோடு உரசிப் புகையும். பல்லின் போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட இறுக்கத்துக்கு டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்கவும். கடலோரம் என்பதால் இங்கேயும் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாம் என்று நினைக்க வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு இந்த வேலைக்கு வேண்டிய வலிமை கிடையாது. காப்புத் தகடுகளைப் பொருத்தும் சிறு போல்ட்டுகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

பற்கள் எல்லாம் ஏறிய பிறகு சமநிலை பார்க்க வேண்டும். மட்டம் பார்த்து நிறுத்திய இரண்டு கூரான இரும்பு விளிம்புகள் மேல் ஷாஃப்டைப் படுக்க வைத்து, சக்கரத்தைத் தானாக உருள விடுங்கள். கனமான பக்கம் எப்போதும் கீழே வந்து நிற்கும். அந்தப் பக்கத்தில் தட்டின் முகத்தில் மேலோட்டமாகத் துளையிட்டுச் சிறிது சிறிதாக எடை குறைத்து, எந்த நிலையில் விட்டாலும் சக்கரம் அசையாமல் நிற்கும் வரை இதைச் செய்யவும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் விளிம்பருகே வெறும் 50 கிராம் வேறுபாடு இருந்தாலும், ஓடும்போது அது 20 கிலோ எடைக்குச் சமமான விசையாக மாறி நொடிக்கு இருபத்திரண்டு முறைக்கு மேல் பேரிங்கை உலுக்கும். டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கும்போது தட்டின் முகம் அரை மில்லிமீட்டருக்கு மேல் அலையக் கூடாது.

பேரிங்கும் சட்டமும்

வெட்டு ஷாஃப்டுக்கு யூசிபி 210 வகைப் பேரிங் இரண்டு, 40 மி.மீ. இடைத்தண்டுக்கு யூசிபி 208 இரண்டு. வாங்கும்போது மூன்று உதட்டு சீல் உள்ளதைக் கேட்டு வாங்கவும். வயல் இயந்திரங்களுக்காக வருபவை அவை. சாதாரண சீலுக்குள் மாவுபோன்ற மணல் புகுந்துவிடும். வெட்டுச் சக்கரம் ஷாஃப்டின் வல முனையிலும் புல்லி இட முனையிலும் இருக்க, இரண்டு பேரிங்கும் 300 மி.மீ. இடைவெளியில் நடுவே அமரட்டும். சக்கரத்தின் மையத்துக்கும் அதற்கு அடுத்த பேரிங்கின் மையத்துக்கும் உள்ள தொலைவு 70 மி.மீ.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளவும்.

சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஷாஃப்டைச் சுற்றி, சட்டத்தோடு பற்ற வைத்த ஒரு குட்டைக் குழாயைக் காப்பாக வைக்க வேண்டும்; குழாய் ஷாஃப்டைத் தொடக் கூடாது. நம் பகுதிக்கு இது கட்டாயம் என்பேன். தென்னந்தூரும் பனந்தூரும் சீவலாக உதிர்வதைவிட நாராகக் கிழிவதே அதிகம். கரையோர மண்ணில் பழைய நைலான் வலைத் துண்டுகளும் புதைந்து கிடக்கும். இரண்டும் ஷாஃப்டில் சுற்றி இறுகினால் சீலை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும்.

சட்டத்துக்கு 75 × 40 மி.மீ. சி-சேனல் இரண்டு, 1,300 மி.மீ. நீளத்தில், இடையில் குறுக்குச் சேனல்கள். பேரிங் அமரும் இடங்களில் 12 மி.மீ. பிளேட்டைப் பற்ற வைத்து, வெல்டிங் எல்லாம் முடிந்து சட்டம் ஆறிய பிறகே துளை போடவும். முன்பே போட்டால் வெப்பத்தில் இழுத்துக்கொண்டு ஷாஃப்ட் நேர்கோட்டில் வராது. 7018 எலெக்ட்ரோடு பயன்படுத்துவதானால் அதைச் சூட்டடுப்பில் உலர்த்திய பின்னரே எடுக்க வேண்டும். நம் காற்றின் ஈரத்தைக் குடித்த எலெக்ட்ரோடு போடும் வெல்டிங் பார்வைக்கு அழகாக இருக்கும், உள்ளே விரிசல் விட்டிருக்கும்.

எடைப் பங்கீட்டில் ஒரு கொள்கையை விட்டுக்கொடுக்க வேண்டாம்: கைப்பிடியை விட்டால் இயந்திரம் பின்பக்கமாகச் சாய்ந்து, வெட்டுச் சக்கரம் தரையை விட்டு எழும்பி நிற்க வேண்டும். அதற்காக எஞ்சினை அச்சுக்குப் பின்னால் வைத்து, கைப்பிடியில் 10 முதல் 15 கிலோ வரை பின்பாரம் இருக்குமாறு அச்சின் இடத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துப் பொருத்தவும். பின்னால் ஒரு தாங்குகால் இருக்கட்டும். முன்பாரமாகக் கட்டினால் வெட்டுவது சுலபமாகத் தோன்றும். கை நழுவிய கணத்தில் சக்கரம் தானே தரையைக் கடித்து ஓடும்.

தரையில் ஓடுவதற்கு ஆட்டோவின் 4.00-8 அளவு டயர்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். முழு இயந்திரமும் கிட்டத்தட்ட 170 கிலோ வருமாகையால் ஒற்றை டயர் மணலில் புதையும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர் போடவும். கருவேல முள் டயரைக் குத்தாமல் விடாது என்பதால் டியூபுக்குள் பஞ்சர் அடைக்கும் திரவத்தை முதல் நாளே ஊற்றிவிடுவது நல்லது. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் பூட்டு வைத்துக்கொண்டால், அதை ஊன்றுபுள்ளியாக வைத்து வெட்டுச் சக்கரத்தை இடமும் வலமும் வீசி வெட்டலாம்.

கிளட்ச், நிறுத்தும் சுவிட்ச், காப்பு

முதல் கட்டப் பெல்ட்டுகளையே கிளட்ச்சாகப் பயன்படுத்துவோம். கைப்பிடியில் உள்ள நெம்புகோலை அழுத்தினால் ஓர் உருளை பெல்ட்டுகளை இறுக்க வேண்டும். விட்டால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துப் பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். தளர்ந்த பெல்ட் எஞ்சின் புல்லியை மீண்டும் பற்றிக்கொள்ளாமல் இருக்க, புல்லியைச் சுற்றிப் பெல்ட்டின் வெளிப்பக்கத்தை ஒட்டினாற்போல் இரண்டு மூன்று கம்பிகளைச் சட்டத்திலிருந்து நீட்டி வைக்கவும். தளரும் பெல்ட் வெளியே விரிய முடியாமல் புல்லியின் பள்ளத்தை விட்டு எழும்பி நிற்கும்.

இதோடு எஞ்சினை நிறுத்தும் சுவிட்சும் தனியாக வேண்டும். சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் மேக்னெட்டோவின் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) நிறுத்து கம்பியை எஞ்சின் உடலோடு இணைத்தால் பொறி நின்று எஞ்சின் அணைந்துவிடும். கையை எடுத்ததும் இணைப்பு உண்டாகும் வகை சுவிட்சை இரண்டாவது கைப்பிடியில் பொருத்தினால், இரு கைகளும் பிடியில் இருக்கும்போது மட்டுமே இயந்திரம் ஓடும். உப்புக் காற்றில் சுவிட்சின் தொடுமுனை பாசி பிடித்து இணைப்பு விட்டுப்போவதுண்டு. அப்போது எஞ்சின் நிற்காது. ஆகவே வேலை தொடங்கும் ஒவ்வொரு காலையிலும் கையை எடுத்து நிறுத்திப் பார்த்த பிறகே தூரின் பக்கம் போகவும்.

சக்கரக் காப்பு 6 மி.மீ. பிளேட்டில், மேலும் பின்னும் வலமும் முழுமையாக மூடியிருக்க வேண்டும். பின்பக்கத்தில் தரையைத் தொடும்படி, 10 மி.மீ. தடிமனுள்ள பழைய கன்வேயர் பெல்ட் துண்டைப் பட்டை பட்டையாகக் கிழித்து இரண்டு அடுக்காகத் தொங்கவிடவும்; ஓர் அடுக்கின் இடைவெளியை மற்ற அடுக்கு மூடட்டும். லாரி டியூபின் மெல்லிய ரப்பர் இதற்கு உதவாது. பெல்ட்டுகளுக்கும் தனி மூடி வேண்டும். வெட்டு ஷாஃப்டின் புல்லி முனையில் வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு, அது மூடியின் சிறு கம்பிவலைத் திறப்பு வழியே தெரியுமாறு வைத்தால், எஞ்சின் நின்ற பிறகும் சக்கரம் சுழல்கிறதா என்பதைக் கிட்டே போகாமலே பார்த்துக்கொள்ளலாம். கனமான தட்டு உடனே நிற்பதில்லை.

துத்தநாகம் மிகுந்த எபாக்ஸி பிரைமர் ஒரு பூச்சு, மேலே எபாக்ஸி பெயிண்ட் இரண்டு பூச்சு அடித்தால் சட்டம் உப்பைத் தாங்கும். அதற்கு முன் வெல்டிங் கசடை முற்றிலும் தட்டி எடுத்துவிட வேண்டும். துரு அங்கேதான் தொடங்கும். எஞ்சினின் காற்று வடிகட்டிக்கு மேல் எண்ணெயில் நனைத்த ஃபோம் உறை ஒன்று கட்டாயம். சைலன்சரில் பொறிதடுப்பு வலை இருக்கிறதா என்று பார்க்கவும். பங்குனி சித்திரையில் காய்ந்த பனையோலைக்கு ஒரு பொறி போதும்.

முதல் ஓட்டம்

இயந்திரத்தைத் திறந்த வெளியில், ஆளில்லாத திசையை நோக்கி நிறுத்தி, தாங்குகாலில் உட்கார வைத்து, சக்கரம் தரையைத் தொடாத நிலையில் ஓட்டவும். சக்கரம் சுழலும் தளத்தின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, பேரிங்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் ஷாஃப்ட் நேர்கோட்டில் இல்லை என்று பொருள். எல்லா போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கிச் சரிபார்த்த பின் முழு வேகத்துக்குப் போகலாம். வேகத்தைக் காதால் கணிக்காமல், ஷாஃப்டில் ஒளிரும் பட்டை ஒட்டி டேக்கோமீட்டரால் (சுழற்சி வேகத்தை அளக்கும் கருவி) அளக்கவும். புதிய பெல்ட் சிறிது நேரம் ஓடியதும் நீளும். அதற்கேற்ப எஞ்சினின் அடிப்பலகையில் நீள்துளை விட்டிருக்க வேண்டும்.

தூரில் இறங்கும் முறை

தொடங்கும் முன் நிலத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாயோ மின்கேபிளோ அருகில் போகிறதா என்று ஊராட்சியில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது; நிற்கும் பனையை வெட்டித் தூர் எடுக்கும் எண்ணத்துக்கு இந்த வழிகாட்டி துணை போகாது. கடலோரத்து அலையாத்திக் காடுகளின் பக்கமும் போகக் கூடாது.

தூரைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மண்ணை மண்வெட்டியால் அள்ளிப் பள்ளமாக்கவும். சீமைக்கருவேலமானால் 30 செ.மீ. ஆழம் வேண்டும். இந்த இயந்திரத்தின் சக்கரம் புல்லிக் காப்பு இடிக்கும் வரை 130 மி.மீ. அளவுக்குத்தான் தரைக்குள் இறங்கும். மீதி ஆழத்தைத் தோண்டிய பள்ளமே தருகிறது. கடலோர மணலில் தோண்டுவது சிரமமில்லை என்பது நமக்குள்ள ஒரு வசதி, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பள்ளம் சரிந்து வராதபடி சரிவாக வெட்டி, சட்டத்தின் முன்பகுதி இறங்க வழி விடவும். பிறகு கம்பித் தூரிகையால் தூரின் பட்டையிலும் வேர்க்கவட்டிலும் ஒட்டியிருக்கும் மணலைத் தேய்த்துத் தள்ளி, தண்ணீர் இருந்தால் ஒரு வாளி ஊற்றிக் கழுவவும். இந்தக் கால் மணி நேர வேலை ஒரு தொகுதிப் பற்களின் ஆயுளைக் கூட்டும். கடப்பாரையால் சுற்றிலும் குத்திப் பார்த்துப் பவளக்கல், முள்கம்பி, ஆணி, வலைத் துண்டு எல்லாவற்றையும் அகற்றவும். பழைய வேலி ஓரத்து மரங்களில் கம்பி மரத்துக்குள்ளேயே வளர்ந்து மூடியிருக்கும். பட்டையில் கிடைமட்டத் தழும்பு தெரிந்தால் அந்த இடத்தைக் கோடரியால் கொத்திப் பார்த்துவிடவும்.

வேட்டி, கைலி, தோளில் துண்டு எதுவும் ஆகாது. பொருந்திய கால்சட்டை, முன்பக்கம் இரும்புள்ள பூட்ஸ், முழு முகக் கவசம், காதடைப்பு ஆகியவை வேண்டும். தளர்வான கையுறை சுழலும் பாகத்தில் மாட்டிக்கொள்ளும், ஆகவே கையோடு ஒட்டியதாக இருக்கட்டும். வேடிக்கை பார்ப்பவர்களையும் ஆடுமாடுகளையும் குறைந்தது 20 மீட்டருக்கு அப்பால் நிறுத்துங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தூசி உங்கள் முகத்துக்கு வராதபடி காற்றுக்கு முதுகு காட்டி நிற்குமாறு இயந்திரத்தை வைக்கவும்.

எஞ்சினை முழு வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகே சக்கரத்தைத் தூரின் மேல் விளிம்பில் மெல்ல இறக்க வேண்டும். ஒரு தடவைக்கு 2 செ.மீ. ஆழம் போதும். இடமிருந்து வலமாக வீசி, திரும்பி வந்து, சற்று முன்னே நகர்ந்து மீண்டும் வீசவும். எஞ்சினின் ஓசை தாழ்ந்தால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். கைப்பிடியை இறக்கிச் சக்கரத்தைத் தூக்கி, வேகம் மீளும் வரை பொறுங்கள். சீமைக்கருவேலத்தின் வயிரம் பாய்ந்த நடுக்கட்டையில் சீவல் சிறு சிறு செதில்களாகச் செம்பழுப்பாக வரும். அது மாவாக மாறிப் புகை வாசம் அடித்தால் பல் மழுங்கிவிட்டது. உடனே நிறுத்தி முனையைத் திருப்பிப் போடவும். மழுங்கிய பல்லோடு அழுத்தி வெட்டுவதுதான் பெல்ட்டையும் பேரிங்கையும் ஒருசேரக் கெடுக்கும். தென்னந்தூரில் வெளிப்புறம் இறுகியும் உட்புறம் மெத்தென்றும் இருப்பதால், விளிம்பைச் சுற்றி முதலில் எடுத்துவிட்டுப் பிறகு நடுவுக்குப் போகவும். அடிக்கடி எஞ்சினை அணைத்து, சக்கரம் முற்றிலும் நின்றதை வெள்ளைக் கோட்டில் பார்த்து, ஸ்பார்க் பிளக் கம்பியைக் கழற்றிய பிறகே நாரை அறுத்து எடுக்கவும். பனந்தூரும் இப்படித்தான், வெளி வயிரம் மட்டும் இன்னும் கடுமை.

சீமைக்கருவேலத்தில் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வரும். தண்டும் வேரும் சேரும் பருத்த கழுத்துப் பகுதி முழுவதும் தூளாகி, பள்ளத்தின் சுவரில் பக்கவேர்களின் அறுந்த முகங்கள் மட்டும் தனித்தனி வட்டங்களாகத் தெரிந்தால் போதும். பட்டையோடு கூடிய கழுத்துத் துண்டு ஒரு விரல் அளவு மிஞ்சினாலும் அதைக் கோடரியால் எடுத்துவிடவும். நிலத்தில் ஏற்கெனவே விழுந்த விதைகளும், ஆடுகள் நெற்றைத் தின்று புழுக்கையோடு போட்ட விதைகளும் பல ஆண்டுகளுக்கு முளைக்கும். மழைக்குப் பிறகு வரும் நாற்றுகளைக் கையால் பிடுங்கும் பருவத்திலேயே பிடுங்கிவிட்டால் இந்த இயந்திரத்துக்கு அங்கே மீண்டும் வேலை இருக்காது.

பராமரிப்பு

வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பும் மணலும் போகத் துடைக்கவும். பேரிங்கின் மேல் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். பேரிங் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பழைய கிரீஸ் சீலின் ஓரத்தில் சிறிது வெளிவரும் வரை புதிய கிரீஸ் ஏற்றினால், உள்ளே நுழைய முயன்ற மணல் அதோடு வெளியே வந்துவிடும். காற்று வடிகட்டியைத் தினமும் திறந்து பாருங்கள். பல் போல்ட்டுகளின் இறுக்கத்தை ஒவ்வொரு தூருக்கும் முன்பு சரிபார்க்கவும். பல மாதங்கள் நிறுத்தி வைப்பதானால் பெட்ரோலை வடித்துவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தி, ஷாஃப்டின் திறந்த பகுதிகளிலும் புல்லிகளின் ஓரங்களிலும் கிரீஸ் பூசி, காற்று நுழையும் கூரைக்கடியில் வைக்கவும். தார்ப்பாயால் இறுக மூடினால் உள்ளே ஈரம் தங்கித் துருவை வளர்க்கும்.

அரைத்த தூளைப் பள்ளத்திலேயே கொட்டி மூடிவிடும் வழக்கம் உண்டு. சீமைக்கருவேலத் தூளுக்கு அது பரவாயில்லை. தென்னை, பனைத் தூளை மட்டும் குவித்தோ புதைத்தோ வைக்காமல், மரத்தடிகளில் விரல்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி வெயிலில் காயவிடவும். ஈரமாக மட்கும் குவியல் காண்டாமிருக வண்டுக்கு முட்டையிடும் இடமாகிவிடும். பள்ளத்தை வெளிமண்ணால் நிரப்பி மிதித்துவிட்டு, ஒரு மழைக்குப் பிறகு மண் அமிழ்ந்த அளவுக்கு மீண்டும் மண் போடவும்.